வர்ற ஆளோட எண்ணிக்கையில இருந்து திட்டத்தை ஆரம்பிக்காதீங்க: சுற்றுலா திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுலாத் துறையில திட்டம் போடுற அதிகாரிகளுக்கும், அவங்களுக்கு மாஸ்டர் பிளான் எழுதித் தர்ற கன்சல்டன்ட்களுக்கும், அதை அப்ரூவ் பண்ற கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சுற்றுலா மாஸ்டர் பிளான் எதை எடுத்தாலும் பெரும்பாலும் முதல் அத்தியாயத்துலயே ஒரு கிராஃப் இருக்கும், போன பத்து வருஷத்துல எத்தனை பேர் வந்தாங்கன்னு ஒரு கோடு, அந்த கோட்டை அப்படியே நீட்டி இன்னும் பத்து வருஷத்துல எத்தனை பேர் வருவாங்கன்னு ஒரு புள்ளிக்கோடு. அதுக்கப்புறம் புக்கு முழுக்க அந்தப் புள்ளிக்கோட்டுக்கு ஏற்பாடு பண்றதுதான் வேலை, இத்தனை பேர் வருவாங்க அதனால இத்தனை ரூம் வேணும், இத்தனை ரூம்னா இவ்ளோ தண்ணி, இவ்ளோ அகலத்துக்கு ரோடு, இத்தனை ஏக்கர் பார்க்கிங். கடைசியில சுற்றுச்சூழல்னு ஒரு அத்தியாயம் வரும், அதுல முன்னாடி சொன்ன எந்தக் கணக்கோடயும் ஒட்டாம நாலு நல்ல வார்த்தை இருக்கும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த எண்ணிக்கை எங்கேயோ வெளியில இருந்து உங்க மேஜைக்கு வர்ற விஷயம் கிடையாது. நீங்க போடுற ரோடு, நீங்க குடுக்குற கட்டட பெர்மிட், நீங்க பண்ற விளம்பரம், போன வருஷம் வந்துட்டுப் போனவங்க ஊருக்குப் போய் சொன்னது, இதெல்லாம் சேர்ந்துதான் அடுத்த வருஷ எண்ணிக்கையை உருவாக்குது. அப்போ அது திட்டத்தோட ஆரம்பமா இருக்க முடியாது, திட்டத்தோட விளைவு அது. இதை ஒழுங்கா கணக்குல கொண்டு வர்றதுக்கு எழுபது வருஷமா ஒரு முறை இருக்கு, சிஸ்டம் டைனமிக்ஸ்னு பேரு, அதாவது ஒண்ணு இன்னொண்ணை எப்படி மாத்துது, அது திரும்பி வந்து முதலாவதை எப்படி மாத்துதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கிற முறை, அதை அடுத்த திட்டத்துல நீங்க கட்டாயம் பயன்படுத்தணும்னு கேட்டுத்தான் இந்த மடல்.

முதல்ல அந்த புள்ளிக்கோட்டையே கொஞ்சம் பாருங்க. வருஷத்துக்கு 5 சதவீதம் வளர்ச்சின்னு போட்டா அடக்கமான எண்ணா தெரியும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா 5 சதவீதம்னா சுமார் 14 வருஷத்துல எண்ணிக்கை ரெட்டிப்பு, 10 சதவீதம்னா ஏழே வருஷத்துல ரெட்டிப்பு. நீங்க இன்னைக்கு கட்டுற ஹோட்டல் முப்பது வருஷம் நாப்பது வருஷம் நிக்கப் போகுது, அதுக்குள்ள ரெண்டு ரெட்டிப்பு, மூணு ரெட்டிப்பு ஆயிடும், எட்டு மடங்கு கூட்டத்தை அந்த மலையோ கடற்கரையோ தாங்குமான்னு யாரும் அந்த அறிக்கையில எழுதுறதில்ல, ஏன்னா அறிக்கை பத்து வருஷத்தோட முடிஞ்சிடுது.

இன்னொண்ணு, நீட்டின கோடு எவ்வளவு நம்பகமானதுன்னு 2020ல உலகமே பார்த்தாச்சு. 2019ல நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணிகள் உலகம் முழுக்க கிட்டத்தட்ட 146 கோடி, அடுத்த வருஷமே அது சுமார் 40 கோடி. ஆனா அந்த வருஷம் கவனிக்க வேண்டியது இறங்கினது எதுன்றதை விட இறங்காதது எதுன்றதைத்தான். ரூம் இறங்கல, ரூம் மேல இருக்கிற பேங்க் கடன் இறங்கல, ரூமை நம்பி வேலைக்கு வந்து குடியேறினவங்க வாடகை கட்ட வேண்டிய கட்டாயமும் போகல. ஆள் வர்றது ஒரே மாசத்துல நின்னுடும், கட்டினது நிக்கும். காலியா நிக்கிற ரூமை எப்படியாவது நிரப்பணும்னு விலையைக் குறைப்பாங்க, விலை குறைஞ்சா ஒரு ஆளால ஊருக்கு வர்ற வருமானம் குறையும், அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆள் வேணும்னு கேப்பாங்க. இந்த சுத்தல் எந்த புள்ளிக்கோட்டுலயும் தெரியாது.

இந்த முறை எங்க இருந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்றேன், ஏன்னா அந்தக் கதையிலயே விஷயம் இருக்கு. ஜே ஃபாரஸ்டர்னு ஒரு இன்ஜினியர், அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் கட்டிட்டு இருந்தவர், 1956ல அங்கயே மேனேஜ்மென்ட் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியோட வீட்டு சாமான் ஃபேக்டரியில ஒரு பிரச்சனை, கொஞ்ச வருஷம் மூணு ஷிஃப்ட் ஓடும், அடுத்த கொஞ்ச வருஷத்துல பாதி பேரை வீட்டுக்கு அனுப்புவாங்க, திரும்ப ஆள் எடுப்பாங்க. எல்லாரும் மார்க்கெட் மேல பழி போட்டாங்க. ஃபாரஸ்டர் ஒரு நோட்டுல பென்சிலால ஸ்டாக், ஆர்டர், ஆள் எடுக்குற விதி இதையெல்லாம் எழுதி வாரா வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியில இருந்து வர்ற ஆர்டர் ஒரே மாதிரி இருந்தா கூட, உள்ள முடிவு எடுக்கிற விதியே அந்த ஏத்த இறக்கத்தை உண்டாக்கப் போதும்னு தெரிஞ்சுது. அங்க இருந்து தொழிற்சாலை, நகரம்னு போய், அதே முறையில அவரோட மாணவர்கள் குழு 1972ல உலகத்தோட மக்கள் தொகை, வளம், மாசு இதையெல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கிற ஒரு கணக்கு மாடலா கட்டி வெளியிட்டாங்க.

சுற்றுலாவுக்கு இது அப்படியே பொருந்தும். கூட்டம் திடீர்னு ஏறுது திடீர்னு படுத்துடுதுன்னா காரணத்தை வெளியில தேடுறதுக்கு முன்னாடி உங்க சொந்த பெர்மிட் விதியையும் விளம்பர பட்ஜெட் விதியையும் பாருங்க. வருமானத்துல இத்தனை சதவீதம் விளம்பரத்துக்குன்னு விதி வெச்சிருக்கீங்கன்னா, ஆள் அதிகமா வந்தா விளம்பரம் அதிகமாகும், விளம்பரம் அதிகமானா ஆள் அதிகமா வருவாங்க, ஊர் ஏற்கனவே திணறிட்டு இருக்கும்போதும் அந்த விதி நிக்காம ஆளைக் கூப்பிட்டுட்டே இருக்கும்.

இந்த முறையோட அடிப்படை ரொம்ப எளிமை. ஒரு தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க, மேல குழாய்ல வரத்து, கீழ துவாரத்துல போக்கு, தொட்டியில இருக்கிறது இருப்பு. வரத்தை விட போக்கு அதிகமா இருக்கிற வரைக்கும் இருப்பு இறங்கிட்டே தான் இருக்கும், போக்கு கூடுறதை நிறுத்திட்டா மட்டும் இருப்பு ஏறாது. கேக்கும்போது இதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா 2000 வாக்குல எம்ஐடி மாணவர்களுக்கே இந்த மாதிரி ஒரு எளிய கேள்வியைக் குடுத்து கிராஃப் வரையச் சொன்னப்போ நிறைய பேர் தப்பா வரைஞ்சாங்க. நல்லா படிச்சவங்களுக்கும் இருப்பையும் ஓட்டத்தையும் பிரிச்சுப் பார்க்கிறது தானா வர்றதில்ல, அதனாலதான் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்க்கணும்னு சொல்றேன்.

ஒரு இடத்துல என்னென்ன இருப்பு இருக்கு? கட்டி முடிச்ச ரூம் ஒரு இருப்பு, பெர்மிட் வாங்கி இன்னும் கட்டிட்டு இருக்கிற ரூம் இன்னொரு இருப்பு, நிலத்தடி நீர், குப்பைக் கிடங்குல சேர்ந்த குப்பை, உள்ளூர்க்காரங்க குடியிருக்கக் கிடைக்கிற வீடு, காடு, பவளப்பாறை, அந்த இடத்துக்கு இருக்கிற நல்ல பேரு, அங்க இருக்கிற ஜனங்களோட பொறுமை. இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல மாறும், நல்ல பேரு ஒரு வீடியோவுல போயிடும், நிலத்தடி நீர் சத்தமில்லாம இறங்கும், பவளப்பாறை திரும்ப வளர பல வருஷம் ஆகும்.

தண்ணியை மட்டும் வெச்சு ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன், எண்ணெல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது, உங்க இடத்து எண்ணைப் போட்டு நீங்களே செஞ்சு பாருங்க, ஒரு எக்ஸெல் ஷீட் போதும். நிலத்தடியில எடுக்கக்கூடிய தண்ணி 600 கோடி லிட்டர். வருஷா வருஷம் மழையில ஊறுறது 70 கோடி லிட்டர். உள்ளூர் ஜனம் வருஷத்துக்கு 40 கோடி எடுக்கிறாங்க, சுற்றுலா 30 கோடி எடுக்குது. வரவும் செலவும் சரியா இருக்கு, பிரச்சனை இல்ல. இப்போ ரூம் வருஷத்துக்கு 10 சதவீதம் கூடுது, ரூமோட சேர்ந்து சுற்றுலா எடுக்கிற தண்ணியும் 10 சதவீதம் கூடுதுன்னு வெச்சுக்கோங்க.

முதல் வருஷம் பத்தாக்குறை 3 கோடி, யாருக்கும் தெரியாது. அஞ்சு வருஷம் முடியும்போது மொத்தமா குறைஞ்சது 51 கோடி சொச்சம், அதாவது இருப்புல ஒன்பது சதவீதம் கூட இல்ல, கிணத்துல ரெண்டு முழம் இறங்கியிருக்கும், இந்த வருஷம் மழை கம்மின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பத்து வருஷம் முடியும்போது 226 கோடி போயிருக்கும், இன்னும் அறுபது சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கும், கூட்டத்துல யாராவது எழுந்து கவலைன்னு சொன்னா பாதிக்கு மேல தண்ணி இருக்கேன்னு பதில் வரும். பதினஞ்சாவது வருஷம் முடியும்போது காலி. முதல் பத்து வருஷத்துல போனதை விட கடைசி அஞ்சு வருஷத்துல போனது அதிகம்.

இப்போ நீங்க பொறுப்பான அதிகாரி, பத்தாவது வருஷம் விழிச்சுக்கிட்டு இனி ஒரு புது பெர்மிட்டும் கிடையாதுன்னு உத்தரவு போட்டுட்டீங்க. தைரியமான முடிவு, எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும். ஆனா ஏற்கனவே பெர்மிட் வாங்கினவங்க கட்டிட்டு இருக்காங்க, அந்தக் கட்டடமெல்லாம் முடிய இன்னும் மூணு வருஷம், அந்த மூணு வருஷமும் ரூம் அதே 10 சதவீதம் கூடிட்டே போகும். பதிமூணாவது வருஷம் வளர்ச்சி நிக்கும்போது வருஷப் பத்தாக்குறை 73 கோடிக்கு மேல, மிச்சம் இருக்கிறது சுமார் 181 கோடி. ரெண்டரை வருஷத்துல காலி. அதாவது அவ்வளவு சண்டை போட்டு நிறுத்தினதுல உங்களுக்குக் கிடைச்சது அரை வருஷத்துக்கும் குறைவு. அதே உத்தரவை ரெண்டாவது வருஷம் போட்டிருந்தா? அஞ்சாவது வருஷம் வளர்ச்சி நின்னிருக்கும், பத்தாக்குறை வருஷத்துக்கு 18 கோடியோட நின்னிருக்கும், தண்ணி இன்னும் முப்பது வருஷம் வந்திருக்கும், அந்த முப்பது வருஷத்துல மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சின்னு அந்த 18 கோடியை அடைக்க வழி தேடிக்கலாம். ஆனா ரெண்டாவது வருஷம் எந்தக் கிணத்துலயும் எந்த அறிகுறியும் இருக்காது. அறிகுறி வந்தப்புறம் முடிவு எடுக்கலாம்னு இருக்கிற நிர்வாகம் இந்த மாதிரி விஷயத்துல எப்பவுமே லேட்டாத்தான் வரும், நேர்மையானவங்களா இருந்தாலும் லேட்டாத்தான் வரும். அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே பார்க்க மாடல் வேணும்.

சிக்கனத்துக்கும் இதே கதைதான். எல்லா ஹோட்டல்லயும் தண்ணி உபயோகத்தை பாதியா குறைச்சுட்டோம்னு வெச்சுக்கோங்க, ரொம்ப நல்லது, ஆனா ரூம் 10 சதவீதம் வளர்ந்துட்டே இருந்தா ஏழு வருஷம் சொச்சத்துல பழைய இடத்துக்கே வந்து நிப்பீங்க. சிக்கனம் வேண்டாம்னு சொல்லல, சிக்கனத்தால கிடைக்கிற இடத்தை புது ரூமுக்குக் குடுக்கப் போறோமா நிலத்துக்குக் குடுக்கப் போறோமான்னு திட்டத்துல முதல்லயே எழுதி வைக்கணும், எழுதலைன்னா அது தானா ரூமுக்குத்தான் போகும்.

மேல நான் காட்டினது ஒரே ஒரு இருப்பு. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும்போதுதான் விஷயம் உண்மையில சிக்கலாகுது. வெனிஸை எடுத்துக்கோங்க. 1951ல அந்தப் பழைய நகரத்துல கிட்டத்தட்ட 1,75,000 பேர் குடியிருந்தாங்க, 2022ல அது 50,000க்கு கீழ போயிடுச்சு, 2023ல டூரிஸ்ட்டுக்கு இருக்கிற படுக்கைகளோட எண்ணிக்கை குடியிருக்கிறவங்க எண்ணிக்கையைத் தாண்டிடுச்சுன்னு அங்க இருக்கிறவங்களே எண்ணிச் சொன்னாங்க. இதுல சுற்றுலா மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஈரப்பதம், வெள்ளம், வேலை வாய்ப்புன்னு நிறைய இருக்கு, ஆனா நடக்கிற சுத்தலைப் பாருங்க. வீட்டை வருஷ வாடகைக்கு விடுறதை விட நாள் வாடகைக்கு டூரிஸ்ட்டுக்கு விட்டா காசு அதிகம், அதனால வாடகைக்கு வீடு கம்மியாகுது, வாடகை ஏறுது, குடும்பங்கள் வெளியேறுது. குடும்பம் வெளியேறினா தினசரி சாமான் விக்கிற கடைக்கு வியாபாரம் இல்ல, அந்த இடத்துல நினைவுப்பொருள் கடை வருது, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குறையறாங்க, அதைப் பார்த்து மிச்சம் இருக்கிற குடும்பமும் கிளம்புது, காலியான வீடு திரும்ப டூரிஸ்ட்டுக்குப் போகுது. தன்னைத் தானே வேகப்படுத்திக்கிற லூப், அதாவது சுத்தல் இது.

2024 ஏப்ரல்ல இருந்து கூட்ட நாட்கள்ல பகல்ல மட்டும் வந்து போறவங்ககிட்ட 5 யூரோ வசூலிக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கட்டணம் தொடுறது வாசல்ல வர்ற ஆளை. வீடு கைமாறுற லூப்பை அது தொடவே இல்ல. கட்டணம் தப்புன்னு சொல்ல வரல, பிரச்சனை எந்த லூப்புல இருக்குன்னு வரைஞ்சு பார்க்காம கருவியைத் தேர்ந்தெடுத்தா கருவி வேற இடத்துல வேலை செய்யும்னு சொல்றேன். பார்சிலோனா வீட்டு லூப்பையே நேரா தொடப் போறாங்க, சுமார் 10,000 டூரிஸ்ட் ஃபிளாட் லைசென்ஸை 2028 நவம்பருக்கு மேல புதுப்பிக்க மாட்டோம்னு 2024ல அறிவிச்சாங்க. அதுலயும் தாமதத்தைப் பாருங்க, முடிவு எடுத்ததுக்கும் அது அமலுக்கு வர்றதுக்கும் நாலு வருஷத்துக்கு மேல. ஆறு மாசத்துல பெர்மிட் குடுத்துட முடியும், திரும்ப வாங்க வருஷக்கணக்கு ஆகும், இந்த வித்தியாசத்தை மாடல்ல வைக்காம விட்டீங்கன்னா உங்க மாடல் உங்களைவிட நம்பிக்கையா பேசும்.

தானா சமன் பண்ற லூப்பும் இருக்கு, கூட்டம் அதிகமானா இடம் அழுக்காகும், அனுபவம் கெடும், ஆள் வர்றது குறையும், அதனால எல்லாம் தன்னால சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க. சரியாகும், ஆனா எப்போன்றதுதான் கேள்வி. இடம் கெட்டதுக்கும் அந்த சேதி வெளிய பரவுறதுக்கும் நடுவுல வருஷக்கணக்குல இடைவெளி இருக்கு, அந்த இடைவெளி முழுக்க கட்டிட்டே இருப்பாங்க. ரிச்சர்ட் பட்லர்னு ஒரு சுற்றுலா ஆய்வாளர் 1980லயே சுற்றுலா இடங்களோட வாழ்க்கைச் சுழற்சின்னு ஒரு வளைவு வரைஞ்சு காட்டினார், கண்டுபிடிப்பு, வளர்ச்சி, தேக்கம், அப்புறம் சரிவு இல்லைன்னா புத்துயிர். டாக்ஸின்னு (Doxey) இன்னொரு ஆய்வாளர் 1975ல உள்ளூர் ஜனங்க மனசு எப்படி மாறுதுன்னு சொன்னார், முதல்ல வாங்க வாங்கன்னு உற்சாகம், அப்புறம் அலட்சியம், அப்புறம் எரிச்சல், கடைசியில பகை. இந்த ரெண்டும் சுற்றுலா படிச்ச எல்லாருக்கும் தெரியும், பரீட்சையில எழுதியிருப்பீங்க. ஆனா மாஸ்டர் பிளான்ல அந்த வளைவு எங்கயும் வர்றதில்ல, நேர்கோடுதான் வருது.

சமன் பண்ற லூப்பை இயற்கைக்கு விட்டுட்டா அது எவ்வளவு முரட்டுத்தனமா வேலை செய்யும்னு போராகாய் காட்டிச்சு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சின்னத் தீவு, 2017ல அங்க போனவங்க 20 லட்சத்தைத் தொட்டாங்க. கழிவுநீர் குழாயை நேரா கடல்ல விட்டுட்டு இருந்தாங்க, சதுப்பு நிலத்தை மூடிக் கட்டியிருந்தாங்க. 2018 ஏப்ரல் 26ல இருந்து ஆறு மாசம் தீவையே டூரிஸ்ட்டுக்கு மூடினாங்க. திறக்கும்போது ஒரே நேரத்துல 19,215 சுற்றுலாப் பயணிக்கு மேல இருக்கக்கூடாது, நாளைக்கு 6,405 பேர் தான் வரலாம்னு வரம்பு வெச்சாங்க. அந்த ஆறு மாசம் படகு ஓட்டினவங்க, மசாஜ் பண்ணினவங்க, துணி துவைச்சவங்க என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. தப்பான பெர்மிட் குடுத்ததுல அவங்களுக்கு எந்தப் பங்கும் இல்ல. திட்டமே போடாம கடைசியில கதவைச் சாத்தறது எப்பவும் கீழ இருக்கிறவங்க தலையில தான் விழும், எனக்கு இந்த விஷயத்துல கோபம் வர்றது இந்த இடத்துலதான்.

தாய்லாந்துல மாயா பேன்னு (Maya Bay) ஒரு சின்ன வளைகுடா இன்னொரு உதாரணம், ஒரு ஹாலிவுட் படத்தால பிரபலமாகி ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும் போய் பவளப்பாறை நாசமாச்சு, 2018 ஜூன்ல மூடினாங்க, 2022 ஜனவரியில தான் திறந்தாங்க. மூடின பிறகு கருமுனைச் சுறாக்கள் திரும்ப வந்தது உண்மை, சந்தோஷம். ஆனா அவங்க செஞ்சதுல முக்கியமானது மூடினது இல்லைன்னு நான் நினைக்கிறேன், திறந்தப்போ அமைப்பையே மாத்தினதுதான். படகு இப்போ அந்த வளைகுடாவுக்குள்ள வராது, தீவோட பின்பக்கம் இறக்கிவிட்டு நடந்து வரணும், கூட்டம் கூட்டமா நேரம் ஒதுக்கி விடுறாங்க, வருஷா வருஷம் ரெண்டு மாசம் ஓய்வு. நங்கூரம் பாறை மேல விழற வழியையே அடைச்சுட்டாங்க.

தாங்கு திறன், அதாவது ஒரு இடம் எத்தனை பேரைத் தாங்கும்னு ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கன்சல்டன்ட்கிட்ட கேக்கிற பழக்கத்தை தயவுசெஞ்சு விடுங்க. அந்த எண்ணு நிலையானது இல்ல. கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டினா ஏறும், மழை பொய்ச்சா இறங்கும், பகல்ல வந்து போறவங்களா தங்கறவங்களான்னு பொறுத்து மாறும், வருஷ சராசரியில பிரச்சனையே இல்லாத இடம் சீசன் நாள்ல மூச்சுத் திணறும். இன்னொரு சிக்கல், இங்க வரம்பு வெச்சா கூட்டம் பக்கத்து கிராமத்துக்கு வழியும், அங்க வரம்பு இல்ல, ரெண்டு வருஷத்துல அது இன்னொரு பிரச்சனை. பக்கத்து கிராமம் உங்க மாடலோட எல்லைக்குள்ள இருக்கணும்.

ரோடு விஷயத்தை ரெண்டே வரியில சொல்லிட்டுப் போறேன். டிராஃபிக் ஜாம்னு ரோட்டை அகலப்படுத்தினா பயணம் சுலபமாகும், சுலபமானா இன்னும் கார் வரும், சில வருஷத்துல அகலமான ரோட்டுல அதே ஜாம், இது உலகம் முழுக்க பார்த்தாச்சு. பார்க்கிங்கும் அதே.

இப்போ உங்க பக்கத்துல இருந்து வர்ற பதில்கள். முதல் பதில், எங்ககிட்ட டேட்டா இல்ல. ஜனங்களோட பொறுமை, இடத்தோட கவர்ச்சி இதையெல்லாம் எப்படி எண்ணா போடுறதுன்னு கேப்பீங்க. ஃபாரஸ்டர் இதுக்கு அப்பவே பதில் சொல்லிட்டார், ஒரு விஷயம் முக்கியம்னு தெரிஞ்சும் அதை மாடல்ல விட்டுட்டா அதோட தாக்கம் பூஜ்யம்னு நீங்க சொல்றதா அர்த்தம், அந்தப் பூஜ்யம் நிச்சயமா தப்புன்னு தெரிஞ்ச ஒரே எண்ணு. அதனால பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும் ஒரு அளவு வெச்சு, வருஷத்துக்கு ரெண்டு தடவை உள்ளூர்ல கேட்டு ஒரு எண்ணு போடுங்க. துல்லியமா இருக்காது, ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சாலே முடிவுக்குப் போதும். அந்த எண்ணை 40னு வெச்சாலும் 60னு வெச்சாலும் உங்க முடிவு மாறலைன்னா அதைத் துல்லியமாக்க செலவு பண்ண வேண்டியதில்ல, மாறுதுன்னா அங்கதான் சர்வே பட்ஜெட் போகணும். எந்த டேட்டா தேவைன்னு சொல்றதே மாடலோட முதல் உபயோகம்.

ரெண்டாவது பதில், மாடல் பண்ணித் தர ஒரு கம்பெனியைப் பிடிச்சுட்டோம். இதுக்குத்தான் நான் ரொம்ப பயப்படுறேன். பூட்டின பெட்டியில வர்ற மாடல், பளபளன்னு டேஷ்போர்டு, உள்ள என்ன சமன்பாடு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதைக் காட்டி ஏற்கனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தறது. அந்த மாதிரி மாடலை விட மாடல் இல்லாமலே இருக்கலாம். நல்ல மாடல்னா எல்லாரும் உள்ள பார்க்க முடியணும், வெறும் முப்பது நாப்பது மாறிகளோட, அதாவது மாறுற அளவுகளோட, சின்னதா இருக்கலாம். அதை முரட்டுத்தனமா சோதிக்கணும், ரூம் பூஜ்யம்னு போட்டா இரவு தங்கறவங்க பூஜ்யம் ஆகுதா, மழையே இல்லைன்னு போட்டா நீர் இருப்பு மைனஸ்ல போகாம நிக்குதா, போன பதினஞ்சு வருஷத்தை ஓட்டிப் பார்த்தா நடந்தது ஓரளவுக்காவது வருதா. 2037ல இத்தனை பேர் வருவாங்கன்னு ஜோசியம் சொல்றது அதோட வேலை இல்ல, இந்த விதியை மாத்தினா போக்கு எந்தப் பக்கம் திரும்பும்னு காட்டறதுதான். சாஃப்ட்வேர் விலையும் ஒரு காரணமா சொல்ல முடியாது, இந்த மாதிரி மாடல் கட்டற வென்சிம் சாஃப்ட்வேர்ல படிக்கிறதுக்கு இலவச பதிப்பு இருக்கு, இன்சைட் மேக்கர்னு இன்னொண்ணு பிரவுசர்லயே இலவசமா ஓடும்.

மாடலை யாரோட உட்கார்ந்து வரையறோம்ன்றது எந்த சாஃப்ட்வேர்ன்றதை விட பெரிய விஷயம். ஹோட்டல் சங்கத்தலைவர் மட்டும் வந்தா ரூம் லூப் மட்டும் தான் படத்துல வரும். குப்பை அள்றவங்களுக்குத்தான் எந்த மாசத்துல எந்தத் தெருவுல எவ்வளவு குப்பைன்னு தெரியும், டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு எந்த நேரத்துல எங்க அடைக்குதுன்னு தெரியும், டேங்கர்ல தண்ணி ஓட்டுறவர் சொல்லுவார் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க நிரப்பினாரு இப்போ எவ்வளவு தூரம் போறாருன்னு, அந்த ஒரு பதில்ல உங்க நிலத்தடி நீர் வரலாறே இருக்கு. ஹோட்டல்ல வேலை பார்க்கிறவங்க எங்க குடியிருக்காங்க, எவ்வளவு வாடகை குடுக்கிறாங்கன்னு கேளுங்க. எல்லாரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சு, பெரிய தாள்ல எது எதைக் கூட்டுது எது எதைக் குறைக்குதுன்னு அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்க, இதுக்குன்னே குழுவா மாடல் கட்டறதுன்னு நல்லா வளர்ந்த ஒரு முறை இருக்கு. வரையும்போது சண்டை வரும், வரட்டும், அந்த சண்டை ரோடு போட்டப்புறம் வர்றதை விட தாள்ல வர்றது எல்லாருக்கும் மலிவு.

அதனால நான் கேக்கிறது இதுதான். அடுத்த மாஸ்டர் பிளானுக்கு டெண்டர் விடும்போது, வருகை முன்கணிப்பு அத்தியாயத்துக்கு பதிலா இருப்பும் லூப்பும் தாமதமும் வெச்ச ஒரு மாடல் வேணும்னு எழுதுங்க, அதோட ஃபைலும் சமன்பாடும் பொதுவுல இருக்கணும்னு எழுதுங்க. பெர்மிட் குடுக்கிற விதியை ஆள் எண்ணிக்கையோட கட்டாம இருப்போட கட்டுங்க, கண்காணிப்புக் கிணத்துல நீர் மட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழ போனா புது பெர்மிட் தானா நிக்கணும், அந்தக் கோட்டை முடிவு பண்ணும்போது கட்டிட்டு இருக்கிற ரூமையும் ஏற்கனவே கட்டினதா எண்ணிக்கோங்க. வெற்றின்னு நீங்க பிரஸ் மீட்ல சொல்ற எண்ணை மாத்துங்க, இத்தனை லட்சம் பேர் வந்தாங்கன்னு சொல்றதோட, வந்த காசுல எவ்வளவு உள்ளூர்லயே தங்குச்சு, வாடகை எவ்வளவு ஏறுச்சு, நீர் மட்டம் எங்க இருக்குன்னு அதே மேடையில அதே மூச்சுல சொல்லுங்க. துறைக்குள்ள இந்த மாடலைப் பார்த்துக்கிறதுக்கு நிரந்தரமா ஒருத்தர் வேணும், வருஷா வருஷம் புது எண்ணைப் போட்டு ஓட்டி, போன வருஷம் மாடல் சொன்னதுக்கும் நடந்ததுக்கும் எங்க வித்தியாசம்னு எழுதி வெளியிடணும். அதிகாரி மாறும்போது மாடல் அலமாரிக்குப் போயிடக் கூடாது.

முழுசா ஒரு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ பண்ணணும்னு இல்ல, ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கோங்க, அதுலயும் தண்ணி, ரூம், கட்டிட்டு இருக்கிற ரூம், உள்ளூர் வீடு, நல்ல பேரு, இந்த அஞ்சு இருப்போட ஆரம்பிங்க. நிலுவையில இருக்கிற பெர்மிட் விண்ணப்பங்களை அதுல போட்டு ஓட்டிப் பார்க்கிற வரைக்கும் கையெழுத்து போடாம வெச்சிருங்க. ஃபைலை வெளியிடுங்க, திறந்து பார்த்து எந்த அம்புக்குறி தப்புன்னு சொல்ல நாங்க நிறைய பேர் இருக்கோம்.

இப்படிக்கு,
சுற்றுலாவையும் அந்த இடங்கள்ல குடியிருக்கிறவங்களையும் ஒண்ணா நினைக்கிற ஒருத்தன்